ஜப்பான் குளத்தில் கோவிந்தா

வெந்நீர் என்றாலே இப்போது எனக்குப் பயம். வீட்டில் அவர் குளிக்கப் போனால் ஹீட்டரை நிறுத்திவிட்டுக் குளியலறை வாசலிலேயே நிற்கிறேன். பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். பாகாலாவுக்கு அந்தப் பக்கம் நான் உட்கார்ந்திருந்த அந்தக் காலைவேளை அவர்களுக்கு வந்திருந்தால் தெரியும்.

எங்கள் வீடு திருப்பதியில் சந்திரகிரி ரோட்டின் மேலேயே இருக்கிறது. சித்தூர், வேலூர்ப் பக்கமிருந்து மலைக்கு நடந்து போகிறவர்கள் எங்கள் கேட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். விடிந்தும் விடியாமல் ஒரு கூட்டம் "கோவிந்தா" என்று குரல் கொடுத்தால், அடுப்படியில் கிளறிக்கொண்டிருக்கும் நானும் "கோவிந்தா" என்பேன். ஷேவ் செய்துகொண்டிருக்கும் எங்கள் வீட்டுக்காரர் பாதி முகம் நுரையோடு "கோவிந்தா" என்பார். யாருக்குச் சொல்கிறோம் என்று யோசித்ததே கிடையாது. காதில் விழுந்தால் வாய் தானாகத் திறந்துகொள்ளும். இந்த ஊரில் பிழைக்கிற எல்லாருக்கும் அப்படித்தான்.

அவர் பேரை அப்போதெல்லாம் நான் சொல்வதில்லை. புத்தூர்ப் பக்கம் எங்கள் வீட்டுப் பெண்கள் கட்டினவர் பேரைச் சொல்லி நான் கேட்டதில்லை. முதல் தடவை அவரைச் சேர்த்தபோது ஆஸ்பத்திரியில் நர்ஸ் "பேஷண்ட் பேரு?" என்று கேட்டதற்குக்கூட ஆதார் கார்டைத்தான் நீட்டினேன். அந்தப் பெண் என்னை ஊமை என்று நினைத்துக்கொண்டு சைகையிலேயே பேச ஆரம்பித்துவிட்டாள். என் மகள் பிரித்திகா அதைச் சொல்லிச் சொல்லி இன்னமும் சிரிக்கிறாள்.

அவருக்கு வேலை மலைமேல். சன்னிதிக்கு முன்னால் நின்றுகொண்டு "ஜருகண்டி, ஜருகண்டி" என்று ஜனங்களை நகர்த்திவிடும் வேலை. எங்கெங்கிருந்தோ வந்து, கியூவில் காத்துக்கிடந்து, கடைசியில் சாமி முகத்தைப் பார்த்துக் கண்ணீர் விட்டுக்கொண்டு நிற்பார்கள். அவர்கள் தோளில் கைவைத்து நகரச் சொல்ல வேண்டும். ரிட்டயர் ஆகும்வரை அதையே செய்தார். ரிட்டயர் ஆன பிறகும் அந்த அவசரம் அவரைவிட்டுப் போகவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் ரசம் வருவதற்குள் கை கழுவிவிடுவார். உறவுக்காரர் கல்யாணத்தில் மேடை ஏறி, போட்டோவுக்கு நின்றவர்களைத் தோளைத் தொட்டு நகர்த்திவிட்டார். பெண் வீட்டுக்காரர்களிடம் யார் பேச்சு வாங்கினது? நான்தான்.

அப்படிப்பட்ட மனுஷனுக்குத்தான் வெந்நீர் ஊற்று ஊர்கள்மேல் ஆசை வந்தது. போனில் வீடியோ பார்ப்பார். ஜப்பானில் ஏதோ ஒரு மலையூர், சுற்றிலும் பனி கொட்டிக்கொண்டிருக்கிறது, நடுவில் ஆவி பறக்கும் குளத்தில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஹங்கேரியில் வயசானவர்கள் வெந்நீரில் நின்றபடியே செஸ் ஆடுகிறார்கள். துருக்கியில் வெள்ளை வெளேரென்று படிப்படியாகக் குளங்கள். ஐஸ்லாந்தில் பாலைக் கலந்த மாதிரி நீலத் தண்ணீர்.

"இந்தாமே, இத்தப் பாரு. இந்த ஆளு வந்து உக்காந்ததுல இருந்து அசையவே இல்ல. யாரும் அவனை நவுருன்னு சொல்லல" என்பார்.

"சொன்னாலும் வெந்துக்கினு இருக்கறவன் காதுல விழுமா?" என்பேன் நான்.

"நாம போனா பத்து ஊரு சுத்தறது வோணாம். ஒரே ஊரு. ஒரே குளம். உக்காந்துக்கினே இருக்கணும், அவ்ளோதான்."

வாயால் கிண்டல் செய்தேனே தவிர எனக்கும் உள்ளுக்குள் ஆசைதான். இரண்டு பேருக்கும் பாஸ்போர்ட் எடுத்தோம். போட்டோவில் நான் திருட்டுக் கேஸில் மாட்டினவள் மாதிரி இருக்கிறேன் என்று சிரித்தார். அந்தப் பாஸ்போர்ட் வீட்டுக்கு வந்து சேர்ந்த வாரத்திலேயே அவருக்கு நெஞ்சுவலி வந்துவிட்டது.

ஸ்டென்ட் வைத்தார்கள். டாக்டர் என்னை உட்காரவைத்துச் சொன்னார். ஜப்பான், துருக்கி எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வெந்நீரில் ரொம்ப நேரம் உட்காரக் கூடாது. மார்புக்கு மேல் தண்ணீர் வரக் கூடாது. தலை சுற்றினால் உடனே வெளியே வந்துவிட வேண்டும். எப்போதும் பக்கத்தில் ஒரு ஆள் இருக்க வேண்டும். நான் படித்தவள் இல்லை, ஆனால் அந்தக் கடைசி வார்த்தையை மனசில் ஆணி அடித்து வைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அவர் வீடியோ பார்ப்பதை விட்டுவிட்டார். அவசரமும் போய்விட்டது. ரசம் வரும்வரை இலை முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தார். சத்தியமாகச் சொல்கிறேன், அதுதான் எனக்கு அதிகப் பயத்தைக் கொடுத்தது. ராத்திரி அவர் மூச்சு வருகிறதா என்று மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்துவிட்டுப் படுப்பேன்.

ஸ்ரீசிட்டியில் வேலை செய்கிற பிரித்திகாதான் அந்த இடத்தைக் கண்டுபிடித்தாள். "நைனாவ இட்டுக்கினு போம்மா. ஜப்பான் நம்ம பாகாலாகிட்டயே வந்துட்ச்சி" என்றாள். பாகாலாவிலிருந்து சித்தூர் போகிற வழியில், மாந்தோப்புகளைத் தாண்டி, மலையடிவாரத்தில் யாரோ ஒரு ரிசார்ட் கட்டியிருக்கிறார்கள். பேர் 'நிதானம்'. உலகத்தில் எங்கெங்கே வெந்நீர் ஊர்கள் இருக்கின்றனவோ அந்தப் பேரில் எல்லாம் ஒவ்வொரு குளம். வீடியோவைக் காட்டியதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த முகத்தைப் பார்த்த பிறகு நான் எப்படி வேண்டாம் என்பேன்?

போனோம். வாசலிலேயே போன், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டு வாங்கிக்கொண்டார்கள். பிரியங்கா என்று ஒரு பெண், யூனிஃபாரம் போட்டுக்கொண்டு, தெலுங்கும் தமிழுமாக விதிகளைச் சொன்னாள். இங்கே யாரும் மணி பார்க்கக் கூடாது. ஓடக் கூடாது. சத்தம் போட்டுப் பேசக் கூடாது. "எல்லாமே மெல்லகா, ஆண்ட்டி. மெல்லகா நடக்கணும், மெல்லகா பேசணும்" என்றாள்.

ஹங்கேரியில் ஆள் இறங்கி பிரஷ் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான். துருக்கியின் வெள்ளைப் பெயின்ட் உரிந்து தொங்கியது. ஜப்பான் மட்டும்தான் ஓடியது. ஊற்றும் இல்லை ஒன்றும் இல்லை, போர் தண்ணீரைப் பின்னால் பாய்லரில் காய்ச்சிக் குழாயில் விடுகிறார்கள். புகை வாசனை வந்தது. ஆனால் இவருக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. சுற்றிலும் பெரிய பெரிய கல், மேலே ஆவி, ஒரு ஓரத்தில் மூங்கில் குழாயிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. கைக்குழந்தை பொம்மையைப் பார்ப்பது மாதிரி பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் பிரியங்கா சொன்னாள், ஜப்பான் வழக்கப்படி ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்று. குளத்துக்கு நடுவில் ஆள் உயரத்துக்கு மேல் மூங்கில் தட்டி அடைத்திருந்தது. அந்தப் பக்கம் அவர் போக வேண்டும், இந்தப் பக்கம் நான்.

"ஆவாது. நடங்க, ஊட்டுக்குப் போலாம்" என்றேன்.

"தோ இருக்குது தட்டி. கை நீட்டினா தொடற தூரம்."

"கண்ணுல தெரியலியே. டாக்டரு இன்னா சொன்னாரு?"

"தெரியாட்டி இன்னா, காது கேக்கும் இல்ல?"

"இங்கதான் கத்தக்கூடாதுன்றாளே."

அவர் தட்டியை விரலால் தட்டிப் பார்த்தார். பிறகு அவர் முகத்தில் பழைய சிரிப்பு வந்தது. "நீ அப்பப்ப கோவிந்தான்னு சொல்லு. நான் கோவிந்தான்னு சொல்றேன். சாமி பேரைச் சொன்னா இந்தச் சீமையில எவன் கேக்கப்போறான்? நான் பதில் சொல்லலன்னா நீ ஓடியா."

பிரியங்காவும் சிரித்துவிட்டாள். அது பரவாயில்லை ஆண்ட்டி என்றாள். எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. மலைமேல் அத்தனை வருஷம் நின்ற மனுஷனுக்கே அதில் இருக்கிற ஓட்டை தெரியவில்லை, எனக்கு எங்கே தெரியப்போகிறது.

போகும்போது திரும்பி என்னிடம் ஒன்று சொன்னார். "இன்னிக்கு ஒரு நாளு என்னை ஜருகண்டி சொல்லாதமே. நானா எழுந்து வரேன்." சரி என்று தலையை ஆட்டினேன்.

நைட்டி மாதிரி ஒரு துணி கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு இறங்கினேன். இந்தப் பக்கம் வேறு யாருமில்லை. தண்ணீர் சூடு சுரீரென்று ஏறி, பிறகு இதமாக இருந்தது. ஆனால் எனக்கு எங்கே இதம். தட்டியை ஒட்டி உட்கார்ந்துகொண்டு காதை அதில் வைத்தேன். ஆம்பிளைகள் முணுமுணுப்பதும், மூங்கில் குழாயிலிருந்து தண்ணீர் கொட்டுவதும் கலந்து கேட்டது.

"கோவிந்தா" என்றேன்.

"கோவிந்தா" என்றார். அவர் குரல்தான். முதல் எழுத்தை அழுத்தி, கடைசியில் இழுக்காமல் நிறுத்துவார். வேலையில் பழகின பேச்சு. எனக்கு மூச்சு வந்தது.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கூப்பிட்டேன். மறுபடி பதில் வந்தது. இந்தத் தடவை குரலில் ஒரு சந்தோஷம் தெரிந்தது. மனசுக்குள் அவரைப் பார்த்தேன், அந்த ஜப்பான்காரன் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு, நகரச் சொல்ல ஆளில்லாமல். இருக்கட்டும், இன்னும் கொஞ்சம் இருக்கட்டும் என்று நினைத்தேன்.

பிறகும் கூப்பிட்டேன். பதில் வந்தது. தோளில் இருந்த பிடிப்பு மெல்ல விட்டது. நெஞ்சுவலி வந்த நாளிலிருந்து நான் தூங்கின தூக்கம் தூக்கமில்லை. சூடு உடம்புக்குள் இறங்க இறங்கக் கண் சொருகியது. தலையைக் கல்லில் சாய்த்துக்கொண்டேன். திடுக்கிட்டு விழிக்கும்போதெல்லாம் "கோவிந்தா" என்பேன். அந்தப் பக்கமிருந்து உடனே "கோவிந்தா" வரும். சரி என்று மறுபடி கண்ணை மூடுவேன். எத்தனை நேரம் அப்படிப் போனது என்று எனக்குத் தெரியாது. கடிகாரம்தான் வாசலில் இருக்கிறதே.

சித்தூரிலிருந்து வந்திருந்த ஒரு அம்மா குளத்தில் இறங்கினாள். பேர் ஷோபா என்றாள். நான் அரைத் தூக்கத்தில் "கோவிந்தா" என்றேன். அவள் பட்டென்று, "கோவிந்தா" என்றாள். அதே சமயம் தட்டிக்கு அந்தப் பக்கமிருந்தும் "கோவிந்தா" வந்தது.

எனக்குச் சிரிப்பு வந்தது. "உங்களக் கூப்பிடலீங்க. எங்க வீட்டுக்காரரு அந்தாண்ட இருக்காரு, அவருக்குத்தான்" என்றேன்.

"ஐயோ, மன்னிச்சிக்குங்க" என்றாள் ஷோபா. "வாய் சும்மா இருக்க மாட்டேங்குது. எவரு சொன்னாலும் நாம சொல்லிடறோம் இல்ல? பழக்கம்."

நானும் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். ஆட்டின தலை பாதியில் நின்றது.

எவரு சொன்னாலும் நாம சொல்லிடறோம்.

சுற்றிலும் ஆவி பறக்கிறது, எனக்கு முதுகுத்தண்டில் ஐஸ் வைத்தது மாதிரி இருந்தது. கடைசியாக வந்த அந்தக் குரல் எப்படி இருந்தது? இழுத்துச் சொன்னதா, வெட்டிச் சொன்னதா? அதற்கு முந்தினது? ஞாபகத்தைப் பிடித்து உலுக்கினேன். ஒன்றும் வரவில்லை. பதில் வந்ததா என்றுதான் கேட்டிருந்தேன், குரலைக் கேட்கவே இல்லை.

தட்டியில் வாயை வைத்து, "கோவிந்தா" என்றேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

"கோவிந்தா" என்று வந்தது. கடைசியில் நன்றாக இழுத்தது. இன்னொரு குரல் ஒன்றும் அதோடு சேர்ந்துகொண்டது.

"ஏங்க" என்றேன். "மாத்திரை போட்டீங்களா?"

தண்ணீர் கொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு யாரோ ஒருவர், "எவரம்மா அக்கட?" என்று, அங்கே யார் எனத் தெலுங்கில் கேட்டார்.

எப்படி எழுந்தேன், எப்படிக் கரையேறினேன் என்று கேட்காதீர்கள். ஈரத்துணியோடு ஓடினேன். ஆண்கள் பக்கத்துக்குப் போக அந்தக் கட்டடத்தையே சுற்ற வேண்டும். கை நீட்டினால் தொடுகிற தூரம் என்றாரே, அது அந்தத் தட்டி இல்லாவிட்டால்தான். வழவழப்பான கல். ஒரு இடத்தில் வழுக்கி முட்டியில் அடி. எழுந்து மறுபடி ஓடினேன். எதிரில் பிரியங்கா துண்டு அடுக்கைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "ஆண்ட்டி, மெல்லகா, மெல்லகா" என்றாள். அவளை இடித்துத் தள்ளிக்கொண்டு போனேன். துண்டெல்லாம் கீழே விழுந்தது. ஓடும்போது ஒன்றே ஒன்றுதான் மனசில் ஓடியது. நான் கூப்பிட்டதற்கு அவர் கடைசியாக எப்போது பதில் சொன்னார்?

ஆண்கள் பக்கம் நீலத் துணித்திரை தொங்கியது. அதை ஒதுக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தேன். ஆம்பிளைகள் குளிக்கிற இடத்தில் ஈரத்துணியோடு ஒரு பொம்பளை. வேறொரு நாளாக இருந்தால் அந்த இடத்திலேயே உயிரை விட்டிருப்பேன்.

ஆவியில் முதலில் எதுவும் தெரியவில்லை. பிறகு தலைகள் தெரிந்தன. நான்கைந்து பேர். ஒருவர் மொட்டை, அப்போதுதான் மலையிலிருந்து இறங்கினவர் போல, தலையில் சந்தனம் கரைந்து வழிந்தது. இது இல்லை, அதுவும் இல்லை. எந்த முகமும் அவர் முகம் இல்லை.

"ஏங்க" என்று கத்தினேன். அத்தனை பேரும் திரும்பினார்கள். கல்யாணமான ஆம்பிளை எவன்தான் அதற்குத் திரும்பமாட்டான்.

"எங்க வீட்டுக்காரரு எங்க? கண்ணாடி போட்டிருப்பாரு. நெஞ்சுக்கு ஆபரேசன் ஆனவரு."

"இங்க ஒருத்தரு இருந்தாரும்மா" என்றார் மொட்டைத் தலைக்காரர். "எழுந்து போயிட்டாரே. எப்பவோ போயிட்டாரு."

"அப்ப கோவிந்தா சொன்னது யாரு?"

அவர் விழித்தார். "நான்தாம்மா. கேட்டுச்சி, சொன்னேன்."

அந்த மனுஷனை அங்கேயே தண்ணீரில் முக்கியிருப்பேன். அதற்கு நேரமில்லை. குளத்தின் ஓரத்தில் ஒரு கல்மேல் அவருடைய மூக்குக் கண்ணாடி மடித்து வைத்திருந்தது. கண்ணாடி இல்லாமல் அவர் பத்தடி போகமாட்டார். அதைக் கையில் எடுத்துக்கொண்டேன். தண்ணீருக்குள் பார்த்தேன். கலங்கலாக இருந்தது. "உள்ள பாருங்க, உள்ள பாருங்க" என்று கத்தினேன். ஒருவர் முங்கிப் பார்த்துவிட்டு இல்லை என்று தலையாட்டினார்.

உடை மாற்றும் அறைக்கு ஓடினேன். காலி. அவர் சட்டை ஆணியில் தொங்கியது. அதைத் தாண்டி ஒரு நீள வராந்தா. இரண்டு பக்கமும் குளிக்கிற அறைகள், பாய்லர் அறை, ஆவி அறை, எல்லாம் ஒரே மாதிரி மரக்கதவு, எல்லாம் மூடியிருந்தது. எங்கேயோ ஒரு குழாய் திறந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. எது என்று தெரியவில்லை. ஆம்பிளைகள் துண்டைக் கட்டிக்கொண்டு என் பின்னாலேயே வந்து வழியை அடைத்துக்கொண்டு நின்றார்கள். ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். வெளியே போயிருப்பார் என்றார் ஒருவர். காபி குடிக்கப் போயிருப்பார் என்றார் இன்னொருவர். சட்டை இல்லாமல், கண்ணாடி இல்லாமல் காபி குடிக்கப் போயிருப்பாராம்.

முதல் கதவைத் தள்ளினேன். இல்லை. அடுத்தது. இல்லை. என் வாயிலிருந்து என்னையறியாமல் அதுதான் வந்தது. "கோவிந்தா" என்று அழுதுவிட்டேன்.

பின்னாலிருந்து அத்தனை பேரும் சேர்ந்து, "கோவிந்தா" என்றார்கள்.

அந்த வராந்தா முழுக்க அந்தச் சத்தம் நிறைந்தது. அவர் ஏதாவது சொல்லியிருந்தாலும் அதில் கேட்டிருக்காது. அந்த நிமிஷத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. சாமி பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் ஊரே பதில் சொல்லும். அவர் மட்டும் சொல்லமுடியாது.

"வாய மூடுங்க" என்றேன். "ஜருகண்டி. எல்லாரும் ஜருகண்டி." மலைமேல் அவர் சொல்வது மாதிரியே வந்தது. எல்லாரும் சுவரோரம் ஒதுங்கினார்கள்.

பிறகு நான் அவர் பேரைச் சொன்னேன்.

"பாஸ்கர்."

கல்யாணமான நாளிலிருந்து அந்த நாலு எழுத்தை என் நாக்கு தொட்டதில்லை. மறுபடி கத்தினேன். "பாஸ்கர். பாஸ்கர்."

யாரும் பதில் சொல்லவில்லை. அந்தக் கூட்டத்தில் அந்தப் பேருக்குச் சொந்தக்காரர் வேறு யாருமில்லை. ஒருவர் இருமக்கூட இல்லை. குழாய்த் தண்ணீர் ஓடுவது மட்டும் கேட்டது. அப்புறம், டொக். பிளாஸ்டிக் சொம்பைத் தரையில் தட்டுகிற சத்தம். மறுபடி டொக்.

வராந்தாவின் கோடியில் கடைசி அறை. கதவு முழுதாகத் திறக்கவில்லை, அவர் கால் தடுத்தது. மொட்டைத் தலைக்காரர் கையைவிட்டுக் காலை மெல்ல நகர்த்தினார். உள்ளே அவர் குட்டி ஸ்டூலிலிருந்து சரிந்து சுவரில் சாய்ந்து கிடந்தார். உதடு நீலமாக இருந்தது. முகமெல்லாம் வியர்வை. கையில் அந்தச் சொம்பு. அதை எடுக்கப் பார்த்தேன், விடமாட்டேன் என்கிறார். கண் என்னையே பார்த்தது. வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை.

மொட்டைத் தலைக்காரர் குழந்தையைத் தூக்குவது மாதிரி அவரைத் தூக்கிக்கொண்டார். பிரியங்கா அதற்குள் ஆம்புலன்சுக்குப் போன் போட்டிருந்தாள். மெல்லகா என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை, அவளே முன்னால் ஓடினாள். வண்டியில் திருப்பதி போகிறவரை அவர் கையை நானும் காலை அந்த மொட்டைத் தலைக்காரரும் பிடித்துக்கொண்டிருந்தோம். அவர் பேர் முனிசாமி என்று ஆஸ்பத்திரி வாசலில்தான் தெரிந்தது. "அம்மா, நான் தெரியாம சொன்னேம்மா" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். இன்னும் இடுப்பில் அந்த ரிசார்ட் துண்டுதான். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

உள்ளே நர்ஸ் கேட்டாள், "பேஷண்ட் பேரு?"

"பாஸ்கர்" என்றேன். ஆதார் கார்டைத் தேடவில்லை.

சூட்டில் ரத்த அழுத்தம் அப்படியே இறங்கி, நாடி தாறுமாறாகப் போய்விட்டது என்றார்கள். ஐ.சி.யூ. கதவுக்கு வெளியே நானும் பிரித்திகாவும் உட்கார்ந்திருந்தோம். கதவு திறக்கும்போதெல்லாம் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. யாராவது வெளியே வந்து எங்கள் முகத்தைப் பார்க்காமல் போனால், செத்துவிட்டாரோ என்று தோன்றும். பிரித்திகா என் கையைப் பிடித்த பிடியில் அவள் நகம் பதிந்த தழும்பு ரொம்ப நாள் இருந்தது.

பிழைத்துக்கொண்டார். பேச்சு வந்ததும் முதலில் கண்ணாடியைக் கேட்டார். வார்டுக்கு மாற்றின பிறகு ஒரு மத்தியானம், நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருக்கும்போது, என்னைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"தலை சுத்துச்சி. நீ பயந்துக்குவியேன்னு, பச்சத்தண்ணி ரெண்டு சொம்பு ஊத்திக்கினு வரலாம்னு போனேன். உக்காந்தேன். அவ்ளோதான், கை காலு வரல."

"சரி, இப்ப எதுக்கு அது. துன்னுங்க."

"நீ கூப்ட்டது கேட்டுச்சி. அந்த ரூமு ஜன்னலு குளத்துப் பக்கந்தான்."

என் கை நின்றது.

"கோவிந்தான்னு கூப்ட்டே. நான் கோவிந்தான்னு சொன்னேன். சத்தம் வரல. ஆனா பதில் வந்துச்சி. எவனோ சொன்னான். நீ சும்மா ஆயிட்டே. திரும்பக் கூப்ட்டே. திரும்ப அவன் சொன்னான். நான் சொல்லிக்கினேதான் இருந்தேன், தாட்சாயணி. ஒவ்வொரு தடவையும் சொன்னேன்."

அவரும் என் பேரைச் சொல்லி நான் கேட்டதில்லை. "இந்தாமே" என்பதுதான் எனக்குப் பேர்.

"அவன் சொல்றவரைக்கும் நீ வரமாட்டேன்னு தெரிஞ்சிபோச்சி" என்றார். "அந்தப் பயம் இருக்குதே, அது செத்துப்போற பயம் இல்ல. நீ பக்கத்துலயே நிம்மதியா உக்காந்திருக்கியேன்ற பயம்."

உரித்த ஆரஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். பக்கத்துக் கட்டில்காரர் மனைவி எதற்கு அழுகிறேன் என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன்.

வீட்டுக்கு வந்துவிட்டோம். பாஸ்போர்ட் இரண்டும் பீரோவில் இருக்கின்றன. வீடியோ மறுபடி பார்க்க ஆரம்பித்திருக்கிறார். இப்போது ஹங்கேரிதான். அங்கே தட்டி கிடையாதாம், ஆணும் பெண்ணும் ஒரே குளத்தில் உட்காரலாமாம். ஆகட்டும், பார்க்கலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவர் குளிக்கும்போது வாசலில் நின்று, "பாஸ்கர்" என்பேன். "தாட்சாயணி" என்று உள்ளேயிருந்து வரும். தெருவில் கேட்கிறவர்கள் என்ன நினைத்தாலும் சரி.

விடியற்காலையில் நடந்து போகிறவர்கள் இப்போதும் எங்கள் கேட்டுக்கு வெளியே "கோவிந்தா" என்கிறார்கள். அடுப்படியில் என் வாய் திறக்கும். பல்லைக் கடித்து நிறுத்திக்கொள்கிறேன். யாருக்கு வரவேண்டிய பதிலை நான் சொல்லித் தொலைத்துவிடுவேனோ என்று பயம். அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு வாசலுக்குப் போகிறேன். கூப்பிட்டது யார், அவர்களுக்குப் பின்னால் யாராவது தனியாக உட்கார்ந்துவிட்டார்களா என்று ரோட்டின் இரண்டு பக்கமும் பார்க்கிறேன். அதற்குப் பிறகுதான் கோவிந்தா சொல்கிறேன்.